முதலில் ஒரு முட்டு, ஆறரை வினாடி கழித்து ஆட்டம்: நிலநடுக்கம் பற்றிச் சில சந்தேகங்கள்

கடிகாரச்சத்தம்:

வணக்கம். போன மாதம் எங்கள் பகுதியில் ஒரு நிலநடுக்கம் வந்தது. பெரிய சேதம் இல்லை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்றைக்கு நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. மாணவர்களுக்காக ஒரு பாடத்தைச் செல்போனில் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தேன். திடீரென்று தரைக்குக் கீழேயிருந்து யாரோ முட்டியது போல 'டக்' என்று ஒன்று. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்றது. கனமான வண்டி ஏதாவது போகிறதோ என்று பேச்சை நிறுத்தினேன். அடங்கிவிட்ட மாதிரிதான் இருந்தது. அப்புறம்தான் அசல் ஆட்டம்: வீடே பக்கவாட்டில் ஆடியது, அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது, சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை.

பிறகு பதிவைப் போட்டுக் கேட்டபோது இரண்டும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. முதல் முட்டுக்கும் பெரிய ஆட்டத்துக்கும் நடுவே ஆறரை வினாடி. நாலைந்து தடவை அளந்து பார்த்துவிட்டேன்.

என் கேள்விகள்: வந்தது ஒரு நிலநடுக்கமா, இரண்டா? சின்னதாக வந்துபோனது நல்லது, உள்ளே இருந்த அழுத்தம் குறைந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், அது சரியா? அடுத்த வாரம் இதைவிடப் பெரியது வரும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அதைப் படித்ததிலிருந்து என் அம்மா இரண்டு ராத்திரியாகத் தூங்கவில்லை. அவரிடம் நான் என்ன சொல்ல?

வெண்பாறை:

வந்தது ஒன்றுதான். நீங்கள் உணர்ந்தது அதே நிலநடுக்கத்தின் இரண்டு அலைகளை. உங்களிடம் இருக்கும் அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள், மிக நல்ல பதிவு அது.

ஓரிடத்தில் பாறை உடைந்து நழுவும்போது அங்கிருந்து இரண்டு வகை அதிர்வுகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஒன்று பி அலை, முதன்மை அலை என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அது போகிற திசையிலேயே பாறையை நெருக்கியும் இழுத்தும் போகும், காற்றில் ஒலி போவது போலத்தான். இன்னொன்று எஸ் அலை, அது போகிற திசைக்குக் குறுக்காகப் பாறையை அசைக்கும், கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து உதறினால் ஓடுமே ஒரு நெளிவு, அந்த மாதிரி. பாறையை நெருக்கினால் அதன் எதிர்ப்பு பலமாக இருக்கும், குறுக்காகத் தள்ளினால் எதிர்ப்பு குறைவு. எதிர்ப்பு எவ்வளவு பலமோ அவ்வளவு வேகம். அதனால் மேலோட்டுப் பாறையில் பி அலை வினாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடினால் எஸ் அலை சுமார் 3.5 கிலோமீட்டர்தான் ஓடும். சேர்ந்து கிளம்பினாலும் தூரம் போகப் போக எஸ் பின்தங்கிக்கொண்டே வரும்.

அந்த இடைவெளியை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுகிறோமே, அதே யுக்தி. பக்கத்து நிலநடுக்கங்களுக்கு இடைவெளி வினாடிகளை 8-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கிலோமீட்டர் கிடைத்துவிடும். உங்களுக்கு ஆறரை வினாடி, எட்டால் பெருக்கினால் 52 கி.மீ. அதிகாரப்பூர்வ அறிக்கையில் தூரம் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

முதல் முட்டு கீழேயிருந்து வந்தது போல இருந்தது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கும் காரணம் உண்டு. மேலே வர வர பாறையும் மண்ணும் இளகலாகிக்கொண்டே போகும், அலையின் வேகமும் குறையும். வேகம் குறையக் குறைய அலை செங்குத்தான பாதைக்குத் திரும்பும். அதனால் பக்கத்தில் எங்கேயோ கிளம்பிய அலையும் காலடியில் வந்து சேரும்போது ஏறக்குறைய நேர்கீழேயிருந்துதான் வரும். பி அலை போகிற திசையிலேயே ஆட்டுவதால் தரை மேலும் கீழும் குதிக்கிறது. எஸ் அலை குறுக்காக ஆட்டுவதால் வீடு பக்கவாட்டில் ஆடுகிறது. வீடுகளுக்கு ஆபத்து அந்தப் பக்கவாட்டு ஆட்டத்தில்தான்.

நில்லாநதி:

நல்ல இழை. எனக்கு அதற்கும் முந்தைய படியிலேயே சந்தேகம். கல் எப்படி நெருங்கும், நெளியும்? அடித்தால் உடையும், அவ்வளவுதானே பார்த்திருக்கிறோம். அலை போக வேண்டுமென்றால் அது ரப்பர் மாதிரி திரும்பி வர வேண்டுமே.

வெண்பாறை:

கேட்க வேண்டிய கேள்வி. கையளவு கல்லில் தெரியாது. கிலோமீட்டர் கணக்கில் நீளமுள்ள பாறையில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். 1906-இல் சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கம் வந்தபோது சான் ஆண்ட்ரியாஸ் பிளவு சுமார் 470 கி.மீ. நீளத்துக்குக் கிழிந்தது. பிளவுக்குக் குறுக்காகப் போட்டிருந்த வேலிகள் வெட்டி நகர்த்தியது போல மீட்டர் கணக்கில் விலகி நின்றன. ஹாரி ஃபீல்டிங் ரீட் என்பவர் நடுக்கத்துக்கு முன்னாலும் பின்னாலும் எடுத்த நில அளவைக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பிளவிலிருந்து தள்ளியிருந்த நிலம் அதற்கு முன்பே பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல நகர்ந்திருந்தது. பிளவை ஒட்டிய பகுதி மட்டும் உராய்வால் சிக்கிக்கொண்டு நகராமல் நின்றது. நடுவில் இருந்த பாறை வளைந்துகொண்டே போனது. பிடிப்பு தாங்காமல் போன நொடியில் மீண்டு நிமிர்ந்தது. அவர் 1910-இல் சொன்ன இந்த மீள்நிமிர்வுக் கருத்துதான் இன்றைக்கும் அடிப்படை.

புவித்தட்டுகள் நகர்வது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், நகம் வளரும் வேகம். நூறு வருடம் சிக்கி நின்றால் மீட்டர் கணக்கில் பாக்கி சேர்ந்துவிடுகிறது. அந்தப் பாக்கி சில வினாடிகளிலோ நிமிடங்களிலோ தீர்வதைத்தான் நிலநடுக்கம் என்கிறோம்.

மணல்மேடு:

அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் என்ன தவறு? பாக்கி சேர்கிறது என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்தால் நல்லதுதானே. சின்னச் சின்னதாக வந்தால் பெரியது வராது. எனக்குத் தர்க்கம் சரியாகத்தான் படுகிறது.

வெண்பாறை:

தர்க்கம் சரி, கணக்குதான் உதைக்கிறது. அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. இரண்டு கூடினால் 1000 மடங்கு. 8 அளவில் ஒரு நிலநடுக்கம் விடும் ஆற்றலைச் சின்னதாகத் தீர்க்க வேண்டுமென்றால் அதே பிளவில் 6 அளவில் ஆயிரம் நிலநடுக்கம் வர வேண்டும். உலகம் முழுவதையும் கூட்டினாலே 6-இலிருந்து 6.9 வரை ஆண்டுக்கு நூறிலிருந்து நூற்றைம்பதுதான் வருகின்றன! 4 அளவு நடுக்கங்களைக் கொண்டு தீர்க்க வேண்டுமென்றால் பத்து லட்சம் வேண்டும்.

இயற்கையில் நடப்பது வேறு. அளவில் ஒன்று குறையும்போது எண்ணிக்கை சுமார் பத்து மடங்கு கூடும், இதை நிலநடுக்க ஆய்வாளர்களான குடன்பெர்க்கும் ரிக்டரும் கண்டார்கள். எண்ணிக்கை 10 மடங்கு, ஆற்றல் 32-இல் ஒரு பங்கு. ஆக எத்தனை சின்னது வந்தாலும் மொத்த ஆற்றலில் பெரும் பங்கைக் கொண்டுபோவது அபூர்வமாக வரும் அந்தப் பெரியவைதான். கடிகாரச்சத்தம் உணர்ந்த மாதிரி ஒன்று வந்தால் ஒரு சின்னப் பகுதியில் இறுக்கம் தளரும், உண்மைதான். ஆனால் அதன் ஓரங்களில் இறுக்கம் கூடும். பின்னதிர்வுகள் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மணல்மேடு:

பத்து லட்சம் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. 4 என்றால் 8-இல் பாதி என்றுதான் இவ்வளவு நாள் மனதில் இருந்தது. செய்திகளில் '6.2 ரிக்டர்' என்று கிலோ மாதிரி சொல்வதால் வருகிற குழப்பம் இது.

வெண்பாறை:

'ரிக்டர்' என்ற சொல்லையே நான் மெல்ல விட்டுவிடச் சொல்வேன். சார்லஸ் ரிக்டர் 1935-இல் தெற்கு கலிபோர்னியாவுக்காக, ஒரு குறிப்பிட்ட வகை நிலநடுக்கமானிக்காகப் போட்ட அளவுகோல் அது. 100 கி.மீ. தொலைவில் அந்தக் கருவியின் கோடு 1 மில்லிமீட்டர் விலகினால் 3. பத்து மில்லிமீட்டர் விலகினால் 4. அந்தக் காலத்துக்கு அபாரமான யோசனை. ஆனால் 7-ஐத் தாண்டினால் அந்தக் கருவியின் கோடு ஆட்டத்தின் முழு அளவைக் காட்டாது, பெரியதும் மிகப் பெரியதும் ஒன்றுபோலவே தெரியும்.

இப்போது பயன்படுத்துவது உந்தத்திறன் ஒப்பளவு. 1970-களின் கடைசியில் ஹிரூ கனமோரியும் தாமஸ் ஹாங்ஸும் உருவாக்கியது. அதை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது ஊசி எவ்வளவு ஆடியது என்று கேட்பதோடு நிற்காது, பாறைக்கு என்ன ஆனது என்று கேட்கும். மூன்றே விஷயம்: கிழிந்த பரப்பு எவ்வளவு, இரண்டு பக்கமும் எவ்வளவு நழுவின, பாறை எவ்வளவு விறைப்பு. மூன்றையும் பெருக்க வேண்டும். 40 கி.மீ. நீளம், 15 கி.மீ. ஆழம், 1 மீட்டர் நழுவல் என்று வைத்துக்கொண்டால், சாதாரண மேலோட்டுப் பாறைக்கு 6.8 வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு பெரிய உண்மை ஒளிந்திருக்கிறது. நிலநடுக்கம் வரைபடத்தில் போடும் ஒரு புள்ளி இல்லை. அந்தப் புள்ளி கிழிசல் தொடங்கிய இடம் மட்டும்தான். துணி கிழிவது போல அங்கிருந்து வினாடிக்கு இரண்டு மூன்று கி.மீ. வேகத்தில் ஓடும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய கிழிசல் வடக்கு நோக்கி அந்தமான் வரை ஏறக்குறைய 1300 கி.மீ. ஓடியது. ஓடி முடிக்கச் சுமார் பத்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அது உடைந்துகொண்டே இருந்தது. இதுவரை அளந்ததில் மிகப் பெரியது 1960 மே 22 சிலி நிலநடுக்கம், 9.5. அதன் ஆழிப்பேரலை சுமார் 15 மணி நேரத்தில் ஹவாய்க்கும், ஏறக்குறைய ஒரு நாளில் ஜப்பானுக்கும் போய் அங்கேயும் உயிர்களை எடுத்தது.

தூண்மகன்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கட்டடப் பொறியாளன். அளவு எண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆனால் வீட்டை விழவைப்பது அந்த எண் மட்டும் இல்லை. உங்கள் வீட்டுக்குக் கீழே என்ன மண் இருக்கிறது என்பது சில சமயம் அதைவிடப் பெரிய விஷயம்.

1985 செப்டம்பர் 19, மெக்சிகோ. நிலநடுக்கம் பசிபிக் கரையோரத்தில், 8.0 அளவு. மெக்சிகோ நகரம் அங்கிருந்து 350 கி.மீ.க்கும் மேல் தள்ளி. அவ்வளவு தூரத்தில் ஆட்டம் தணிந்திருக்க வேண்டும். ஆனால் நகரத்தின் ஒரு பெரும்பகுதி பழைய ஏரிப் படுகையின் மேல் கட்டப்பட்டது, கீழே நீர் ஊறிய களிமண். அந்தக் களிமண்ணுக்கு என்று ஒரு தாளம் உண்டு, ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 2 வினாடி. வந்த அலையில் அதே தாளத்தில் இருந்த பகுதியைக் களிமண் பல மடங்கு பெருக்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கொடுமை என்னவென்றால், குட்டைக் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பின, மிக உயரமானவையும் பெரும்பாலும் தப்பின. ஏறக்குறைய 6-இலிருந்து 15 மாடி வரை இருந்தவைதான் அதிகம் விழுந்தன. அவற்றின் சொந்த ஆட்டத் தாளம் களிமண்ணின் தாளத்துக்கு அருகில் இருந்தது. ஆட ஆட விரிசல் விட்டுத் தளர்ந்து இன்னும் அருகில் போனது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி உயர்த்துவது போல, ஒவ்வொரு அலையும் சரியான நேரத்தில் வந்து தள்ளியது.

மணல் வேறு மாதிரி ஏமாற்றும். நீர் நிரம்பிய தளர்ந்த மணலை உலுக்கினால் மணிகளுக்கு நடுவே இருக்கும் நீரின் அழுத்தம் ஏறி, மணிகள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டுவிடும். சில நிமிடங்களுக்கு நிலம் குழம்பாகிவிடும். 1964-இல் ஜப்பானின் நீகாதாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் சுவர் உடையாமல் அப்படியே சாய்ந்து படுத்துவிட்டன. கட்டடத்தின் மேல் குறையே இல்லை. அந்தப் படங்களைப் படிக்கும் காலத்தில் பார்த்தேன், அன்றிலிருந்து அடித்தளம் போடும் இடத்தில் மண் சோதனை அறிக்கை இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

நில்லாநதி:

அதனால்தான் ஒரே நிலநடுக்கத்துக்கு ஊருக்கு ஊர் வேறு எண் சொல்கிறார்களோ?

தூண்மகன்:

அது இன்னொரு அளவு, செறிவு என்பார்கள். ஓர் இடத்தில் ஆட்டம் எவ்வளவு என்று சொல்வது. மெர்கல்லி அளவுகோலில் 1-இலிருந்து 12 வரை, ரோம எண்ணில் எழுதுவார்கள். உந்தத்திறன் அளவு ஒரு நிலநடுக்கத்துக்கு ஒன்றுதான், செறிவு இடத்துக்கு இடம் மாறும். கடிகாரச்சத்தம் வீட்டில் அலமாரிக் கதவு திறந்தது, நிற்க முடியவில்லை என்பதெல்லாம் செறிவுக்கான சாட்சியம்.

ஆழ்நீலம்:

எல்லாவற்றையும் படித்தேன். ஆனால் முன்கூட்டியே சொல்லவே முடியாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம் என்பது என் கருத்து. எங்கள் வீட்டு நாய் ஒரு முறை ஆட்டம் வருவதற்கு முன்னாலேயே குரைத்து வாசலுக்கு ஓடியது, நானே பார்த்தேன். சீனாவில் ஹைசெங் என்ற இடத்தில் முன்கூட்டியே அறிந்து மக்களை வெளியேற்றினார்கள் என்று படித்திருக்கிறேன். நடந்திருக்கிறதே?

வெண்பாறை:

நாய் குரைத்தது பொய் இல்லை. பி அலை பல சமயம் மனிதருக்கு உறைக்காத அளவு மெலிதாக இருக்கும், நாய்க்கு உறைத்திருக்கலாம். கடிகாரச்சத்தத்துக்குக் கிடைத்த ஆறரை வினாடி நாய்க்கும் கிடைக்கும், அவ்வளவே. அது நடுக்கம் தொடங்கிய பிறகு உணர்ந்தது.

ஹைசெங் உண்மை. 1975 பிப்ரவரி 4. ஆனால் அங்கே அதற்கு முன்பு முன்னதிர்வுகள் நூற்றுக்கணக்கில் வந்துகொண்டிருந்தன, மக்களே பயந்து போயிருந்தார்கள். அடுத்த ஆண்டு, 1976 ஜூலை 28, தாங்ஷான். அங்கே அப்படி எச்சரிக்கும் முன்னதிர்வு எதுவும் வரவில்லை. நகரம் தூங்கிக்கொண்டிருந்தது. அரசுக் கணக்குப்படியே 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் இறந்தார்கள். ஹைசெங்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தாங்ஷானை மறப்பது சரியில்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

பார்க்ஃபீல்டு பற்றியும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் மேல் இருக்கும் சின்ன இடம். 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று கிட்டத்தட்ட 6 அளவில் நடுக்கங்கள். சராசரி 22 ஆண்டு. உலகத்தில் இதைவிட ஒழுங்கான இடம் கிடையாது என்று நம்பி, அடுத்தது 1993-க்குள் வரும் என்று அறிவித்து, பூமியில் வைக்கக்கூடிய அத்தனை கருவிகளையும் அங்கே வைத்துக் காத்திருந்தார்கள். 1993 போனது, வரவில்லை. வந்தது 2004 செப்டம்பர் 28, அளவு 6.0. அதைவிட வேதனை, பிளவின் மேலேயே வைத்திருந்த அத்தனை நுட்பமான கருவிகளிலும் நடுக்கத்துக்கு முன்னால் எச்சரிக்கை என்று சொல்லத்தக்க எதுவும் பதிவாகவில்லை. இடம் சரி, அளவு சரி, நாள் மட்டும் பதினோரு ஆண்டு தள்ளிப்போய்விட்டது. வாட்ஸ்அப்பில் அடுத்த வாரம் என்று எழுதியவருக்கு என்ன கருவி இருந்ததாம்?

ஆழ்நீலம்:

பார்க்ஃபீல்டு எனக்குத் தெரியாது. நன்றி, இது என் எண்ணத்தை மாற்றுகிறது. ஆனால் முன்னதிர்வு வந்தால் கண்டுபிடிக்கலாமே?

வெண்பாறை:

வரும்போது அதற்கு முன்னதிர்வு என்று பெயர் எழுதியிருக்காது. 2011 மார்ச் 9 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 7-க்கு மேல் ஒன்று வந்தது. எல்லோரும் அதுவே முதன்மை நடுக்கம், இனி வருவது பின்னதிர்வு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து 9 அளவில் வந்தது. அதற்குப் பிறகுதான் முதல் நடுக்கத்துக்கு முன்னதிர்வு என்று பெயர்.

கடிகாரச்சத்தம், உங்கள் அம்மாவிடம் இதை அப்படியே சொல்லலாம்: ஒரு நடுக்கத்துக்குப் பிறகு சில நாளில் அதைவிடப் பெரியது வருவது பொதுவாக நூற்றில் ஐந்தாறு தடவைதான். இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். பின்னதிர்வுகள் வரும், ஆனால் நாளாக ஆகக் குறையும். ஜப்பானியரான ஒமோரி 1894-இலேயே இதற்குச் சூத்திரம் போட்டார்: முதல் நாள் வந்ததில் ஏறக்குறைய பாதி இரண்டாம் நாள், பத்தாம் நாள் பத்தில் ஒரு பங்கு. ஒரு மாதம் ஓடிவிட்டது, நீங்கள் பெரும்பகுதியைத் தாண்டிவிட்டீர்கள். நாளும் இடமும் அளவும் குறித்துச் சொல்லும் எந்தச் செய்தியும் அறிவியலிலிருந்து வந்ததில்லை.

நில்லாநதி:

வெண்பாறை அக்கா, கடைசியாக ஒன்று. பூமியின் நடுவில் உருகிய இரும்பு, அதற்குள் திட உருண்டை என்று படம் போடுகிறார்களே, யார் போய்ப் பார்த்தது? ரஷ்யாவில் கோலா என்ற இடத்தில் தோண்டியதே 12 கி.மீ. சொச்சம்தான் என்று படித்தேன். பூமியின் ஆரம் 6371 கி.மீ.

வெண்பாறை:

இதைக் கேட்க மாட்டீர்களா என்று இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

1889 ஏப்ரல் 17. ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ராபூர் பாஷ்விட்ஸ் என்ற இளைஞர், நிலவின் இழுப்பால் தரை சாய்வதை அளக்க நுட்பமான ஊசல் ஒன்றை வைத்திருந்தார். அன்றைக்குக் கோடு காரணமே இல்லாமல் துடித்திருந்தது. சில வாரம் கழித்து ஓர் அறிவியல் இதழில் பார்த்தால், அதே நாள் ஜப்பானில் நிலநடுக்கம். பூமியின் ஒரு பக்க அதிர்வை மறுபக்கத்திலிருந்து பதிவு செய்யலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு பெரிய நடுக்கமும் பூமியை ஊடுருவிப் பார்க்கும் விளக்காகிவிட்டது.

நீர்மத்தை நெருக்கலாம், ஆனால் குறுக்காகத் தள்ளினால் எதிர்க்காது, வழுக்கி விலகிவிடும். அதனால் எஸ் அலை நீர்மத்துக்குள் போகவே முடியாது. 1897 அசாம் பெருநடுக்கத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் ஓல்டாம் பி, எஸ், மேற்பரப்பு அலை மூன்றையும் பதிவுகளில் பிரித்துக் காட்டியவர். 1906-இல் அவரே பூமிக்கு ஒரு கரு இருக்கிறது, அங்கே அலைகள் தாமதமாகின்றன என்றார். பெனோ குடன்பெர்க் அதன் விளிம்பு 2900 கி.மீ. ஆழத்தில் என்று கணக்கிட்டார். நடுக்கத்திலிருந்து சுமார் 103 பாகைக்கு (பூமியின் மையத்திலிருந்து அளக்கும் கோணம்) அப்பால் நேரடி எஸ் அலை எங்குமே வந்து சேர்வதில்லை. பி அலைக்கும் 103-இலிருந்து 143 பாகை வரை ஒரு நிழல். நடுவே உருகியது எதுவோ இருக்கிறது.

டென்மார்க்கில் இங்கெ லேமன் என்ற பெண் விஞ்ஞானி. 1929 நியூசிலாந்து நிலநடுக்கத்தின் பதிவுகளைப் பார்க்கிறார். நிழலுக்குள், வரவே கூடாத இடத்தில், மெலிதான பி அலை. கருவி கோளாறு என்று மற்றவர்கள் தள்ளிவிடக்கூடிய சின்னத் துடிப்பு. கணினி கிடையாது. நிலநடுக்கக் குறிப்புகளை அட்டைச் சீட்டுகளில் எழுதி ஓட்ஸ் வந்த அட்டைப் பெட்டிகளில் அடுக்கிவைத்து, தோட்டத்தில் உட்கார்ந்து வேலை செய்தார் என்று அவருடைய உறவினர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1936-இல் அவர் சொன்னது: உருகிய கருவுக்குள் இன்னொரு கரு இருக்கிறது, அதில் பட்டுத்தான் அந்த அலை வளைந்து வருகிறது. கட்டுரைக்கு வைத்த தலைப்பு ஒரே ஓர் எழுத்தும் ஒரு குறியும்தான், கருவைக் கடந்து வரும் பி அலையின் குறியீடு. 104 வயது வரை வாழ்ந்தார். எனக்கு இந்தத் துறையின் மேல் ஆசை வந்ததே இவரால்தான்.

கடிகாரச்சத்தம்:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்குத் தாங்ஷான் பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் படித்துக் காட்டினேன். ஒமோரி சூத்திரம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, பத்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் கணக்கு உதைக்கிறது. அறிக்கையைத் தேடி எடுத்தேன். மேல்மையம் எங்கள் வீட்டிலிருந்து 43 கி.மீ.தான் வருகிறது. நீங்கள் சொன்ன 52-க்கு 9 கி.மீ. குறைகிறது. பதிவை இன்னும் இரண்டு தடவை அளந்துவிட்டேன், ஆறரைதான்.

வெண்பாறை:

ஆழம் என்ன போட்டிருக்கிறார்கள்?

கடிகாரச்சத்தம்:

30 கி.மீ.

தூண்மகன்:

43-இன் வர்க்கம் 1849. 30-இன் வர்க்கம் 900. கூட்டினால் 2749. வர்க்கமூலம் 52.4!

வெண்பாறை:

அதேதான். மேல்மையம் என்பது தரையில் குறிக்கும் புள்ளி. அலை கிளம்பியது அதற்கு நேர்கீழே 30 கி.மீ. ஆழத்தில், அங்கிருந்து சாய்வாக உங்கள் வீட்டுக்கு வந்தது. உங்கள் செல்போன் சொன்னது அந்தச் சாய்வுத் தூரத்தை. அறிக்கையோடு அரை கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, இவ்வளவு நெருக்கம் நானே எதிர்பார்க்கவில்லை.

மணல்மேடு:

அந்த ஆறரை வினாடிக்குள் யாராவது எச்சரிக்கை கொடுத்திருக்க முடியுமா? ஜப்பானில் போனில் ஒலி வருமே.

வெண்பாறை:

ஜப்பானில் 2007-இலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது, மெக்சிகோவில் 1991-இலிருந்தே உண்டு. நடுக்கம் தொடங்கிய பிறகு, அலையைவிட வேகமாகச் செய்தியை அனுப்புவதுதான் அந்த ஏற்பாடு. இவர் வீட்டுக்கே கணக்குப் போடலாம். மேல்மையத்தில் ஒரு கருவி இருந்தால் பி அலை 30 கி.மீ. ஏறி அதைத் தொட 5 வினாடி. எவ்வளவு பெரியது என்று கணிக்கவும் செய்தி அனுப்பவும் இன்னொரு 4, 5 வினாடி. எஸ் அலை இவர் வீட்டை அடைய 15 வினாடி. மிஞ்சுவது 5, 6 வினாடி. மேல்மையத்திலேயே இருப்பவர்களுக்கு எஸ் அலை 9 வினாடிக்குள் வந்துவிடும், அவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

தூண்மகன்:

5 வினாடியில் மேசைக்கடியில் குனிந்து மேசையின் கால்களைப் பிடித்துக்கொள்ளலாம். வெளியே ஓட முடியாது, ஓடவும் கூடாது, வாசலில்தான் பாரப்பெட்டும் கூரை ஓடும் விழும். கட்டிலில் படுத்திருப்பவர் அங்கேயே தலையணையால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று கேட்கிறேன், உங்கள் அம்மா படுக்கும் இடத்துக்கு மேலே கனமாக ஏதாவது இருக்கிறதா? அந்தக் கதவு திறந்துகொண்ட அலமாரி எங்கே நிற்கிறது?

கடிகாரச்சத்தம்:

அம்மாவின் தலைமாட்டில். சுவரோடு பிணைக்கவும் இல்லை, சும்மா நிற்கிறது.

கடிகாரச்சத்தம்:

எதிர்ச்சுவருக்கு நகர்த்திவிட்டோம். இரும்புப் பட்டை வைத்துச் சுவரில் முடுக்கியாகிவிட்டது. மேல்தட்டில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள் இப்போது கீழ்த்தட்டில்.